சலரோகத்துக்கு விட்டமின் குளிசை: வன்னியில் யாருக்குத் தேவை?

குளக்கட்டு (கிளிநொச்சி)

ஒரு விசயத்தை விவாதத்துக்கு வைக்கிறேன். கிளிநொச்சியில் இப்போது எந்த ஒழுங்கைக்குள் போனாலும் சலரோகக்காரர் ஒருவராவது இருக்கிறார். நாற்பது வயதைத் தொடாதவர்களும் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள். டொக்டர்மார் சொல்வது எல்லாம் சீனியை விடு, சோற்றைக் குறை, நட என்பதுதான். உடம்பில் விட்டமின் இல்லாமல் போனதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்பது என் கேள்வி.

விட்டமின் என்று ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரியவந்ததே அரிசியால்தான். 1890களில் ஜாவாவில் வேலை செய்த டச்சு வைத்தியர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் வழங்காமல் போனதைக் கண்டார். தவிட்டோடு கொடுத்ததும் அவை எழும்பி நடந்தன. மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் அதே வகைதான். தவிட்டில் இருந்தது தயமின், அதாவது விட்டமின் பி1. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளையாகத் தீட்டிய மில் அரிசியிலும் கோதுமை மாவிலும் வளர்ந்த எங்களுக்கு என்னென்ன குறைந்திருக்கும் என்று யோசியுங்கள்.

சலரோகக்காரரின் இரத்தத்தில் விட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சனம் பெட்டி போடும்போது விட்டமின் போத்தல்களையும் வைத்து அனுப்புவது சும்மா இல்லை. வசதியுள்ள வீட்டுக்குக் கிடைப்பது வசதியில்லாத வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். கிளினிக்கில் மெட்போமின் என்ற சலரோகக் குளிசையைக் கொடுக்கும்போதே விட்டமின் டியும் ஒரு மல்ரிவிட்டமினும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

தாதி (வவுனியா)

அண்ணை, நான் சலரோகக் கிளினிக்கில் வேலை செய்கிற தாதி. உங்கள் அக்கறை விளங்குகிறது, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

டி குறைவதும் சலரோகமும் ஒரே ஆளில் இருப்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. உடம்பு பெருத்தவருக்கு இரத்தத்தில் டி குறைவாகத்தான் காட்டும். வெயிலுக்கு இறங்காதவருக்கும் அப்படித்தான். சலரோகம் கூடுதலாக வருவதும் அதே ஆட்களுக்குத்தான். எது காரணம் என்று பிரித்தறிய வேண்டுமென்றால், ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான குளிசையும் மற்றப் பகுதிக்கு வெறும் குளிசையும் கொடுத்து வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் செய்த டி2டி ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. சலரோகத்துக்கு முந்திய நிலையில் இருந்த 2,423 பேர் அதில் இருந்தார்கள், குளிசைப் பகுதிக்கு நாளுக்கு 4,000 அலகு டி. இரண்டு பகுதிக்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் வரவில்லை. வைட்டல் என்ற இன்னொரு ஆய்வில் 25,871 பேர், நாளுக்கு 2,000 அலகு. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை, புற்றுநோய் வருவதும் குறையவில்லை.

கூட எடுத்தால் கெடுதி ஒன்றும் இல்லைத்தானே என்று கிளினிக்கில் கேட்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்குச் செய்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கரோட்டின் நிறைந்த மரக்கறியும் பழமும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் புற்றுநோய் குறைவு என்று கண்டுதான் அதைக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கறிச்சட்டியில் நல்லது செய்தது போத்தலில் செய்யவில்லை.

ஐக்மனின் கோழிக்கு உண்மையாகவே தயமின் குறைந்திருந்தது, கொடுத்ததும் எழும்பியது. குறையாத கோழிக்குக் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதோடு, நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி சாப்பிட்ட ஊர்களில் பெரிபெரி குறைவாக இருந்தது அதனால்தான். எங்கள் பக்கம் புழுங்கல் இன்னும் அடுப்பை விட்டுப் போகவில்லை.

குளக்கட்டு (கிளிநொச்சி)

தங்கச்சி, டி2டி ஆய்வை நானும் வாசித்துவிட்டுத்தான் எழுதினேன். அதில் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏற்கெனவே போதிய அளவு டி இருந்தது. வயிறு நிறைந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சோற்றால் பசி தீராது என்று எழுதியது போல இருக்கிறது அது.

2023இல் அதே துறை ஆட்கள் மூன்று ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சலரோகத்துக்கு முந்திய நிலையில் இருந்தவர்களுக்கு டி கொடுத்ததால் சலரோகமாக மாறும் ஆபத்து 15 சதவீதம் குறைந்தது. இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

வெயில் கொளுத்துகிற ஊரில் டி எப்படிக் குறையும் என்று இனி யாராவது கேட்பீர்கள். கறுத்த தோலுக்கு அதே அளவு டி செய்யக் கூடுதல் வெயில் வேண்டும். வயலில் நிற்கிற ஆளுக்குக் கவலையில்லை. கந்தோரிலும் கடைக்குள்ளும் இருக்கிறவர்களையும், கை கால் மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் வருகிற பெண்களையும் நினைத்துப் பாருங்கள்.

தாதி (வவுனியா)

15 சதவீதத்தை மறுக்கவில்லை அண்ணை. மூன்று வருடத்தில் நூறு பேருக்கு மூன்று பேர் அளவில் தப்புகிறார்கள். அதுவும் இன்னும் சலரோகம் வராதவர்களுக்குத்தான். நீங்கள் கேட்பது ஏற்கெனவே மெட்போமின் எடுப்பவர் எல்லோருக்கும்.

அந்த 15ஐ வேறு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2002இல் வந்த அமெரிக்க ஆய்வில் 3,234 பேர். உடல் நிறையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் துணை நின்று உதவிய பகுதியில் சலரோகம் 58 சதவீதம் குறைந்தது. மெட்போமின் கொடுத்த பகுதியில் 31. அமெரிக்கக் கணக்கு எங்களுக்குச் சரிவராது என்றால் சென்னைக்கு வாருங்கள். அங்கே 531 பேரில் செய்த ஆய்வு 2006இல் வந்தது. சாப்பாட்டை மாற்றி நடையைக் கூட்டிய பகுதியில் 28.5 சதவீதம் குறைந்தது. அந்தச் சென்னை ஆட்களுக்கு நிறை பெரிதாக இறங்கவே இல்லை, அப்படியிருந்தும் அந்தப் பலன்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. வவுனியாவின் சில ஊர்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர் விட்டமின் சியை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் ஒக்சலேற் என்ற உப்பு அங்கே சேர்ந்து இன்னும் பழுதாகும். டி அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். பெட்டியில் வந்த போத்தலை அக்கம்பக்கத்துக்குக் கைநிறையப் பங்கு போட்டுக் கொடுப்பதை நான் பார்க்கிறேன். வாங்குகிறவருக்குச் சிறுநீரகம் எப்படி என்று கொடுக்கிறவருக்குத் தெரியாது.

பனங்கூடல் (முள்ளியவளை)

இரண்டு பேரும் குளிசையைச் சுற்றியே நிற்கிறீர்கள். நான் கமக்காரன், எனக்கு வயலும் அடுப்பும்தான் தெரியும். மொட்டைக்கறுப்பனும் ஆட்டக்காரியும் விதைத்த காணியில் இப்போது மில்காரர் கேட்கிற நெல்லை விதைக்கிறோம். குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், சாமைச் சோறு எல்லாம் விருந்தாளிக்கு அருமையாகக் காட்டுகிற சாமானாகிவிட்டது. காலையில் பாணும் சம்பலும், பத்து மணிக்குப் பணிஸும் சீனித் தேத்தண்ணியும், இரவில் கொத்து. வருத்தம் வராமல் என்ன செய்யும்?

ஆராய்ச்சி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 2020இல் 21 நாடுகளில் 132,373 பேரை வைத்து எழுதினார்கள். நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். தென்னாசியாவில் சலரோக ஆபத்து 61 சதவீதம் கூடுதல். 2014இல் சென்னையில் தீட்டாத அரிசியைக் கொடுத்துப் பார்த்தபோது வெள்ளை அரிசியைவிட இரத்தச் சீனியின் ஏற்றம் 20 சதவீதமளவில் குறைந்தது. 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி ஆட்கள் தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கி, 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால் சமிபாடடையாத மாச்சத்து பல மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். பழஞ்சோற்றை இகழ்ந்தவர்கள் அதையும் வாசிக்க வேண்டும்.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவோம். குளிசை தேவைப்படாது.

கட்டுக்கரை (மன்னார்)

ஐயா, உங்கள் வயலுக்கும் உழைப்புக்கும் மரியாதை. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். நீங்கள் சொன்ன ஆய்வுகளை அவை சொல்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று தோன்றுகிறது.

தீட்டாத அரிசி கொடுத்த சென்னை ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர், அதுவும் சில நாட்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் சின்னது. கொழும்பு ஆய்வு நடந்தது ஆய்வுகூடத்தில், மனிதருக்குக் கொடுத்து இரத்தம் எடுத்துப் பார்த்தது இல்லை. 2020 ஆய்வில் உள்ள 61ஐ மறுக்க மாட்டேன். ஆனால் அது எதைச் சொல்கிறது? சோற்றின் அளவைச் சொல்கிறது. கோப்பை நிறையச் சிவப்பரிசிச் சோறு போட்டுச் சாப்பிடுகிறவர் வெள்ளைச் சோற்றிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்கிறார். நிறம் சிவப்பாக இருந்தாலும் மில்லில் நன்றாகத் தீட்டிவிட்டால் தவிடு எங்கே? குரக்கனையும் பவுடராக அரைத்து ரொட்டி தட்டினால் அது முழுத் தானியம்போல மெதுவாகச் சமிக்காது.

பழைய ஆட்கள் நோயில்லாமல் இருந்தார்கள் என்பதையும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கழலை, மாலைக்கண், சோகை எல்லாம் இந்த மண்ணில் இருந்த வருத்தங்கள். உப்பில் அயடீன் சேர்த்துத்தான் கழலை அடங்கியது. அது ஆனையிறவு உப்பின் குறை இல்லை, எந்தக் கடலுப்பிலும் தானாகப் போதிய அயடீன் இருக்காது. சலரோகம் குறைவாக இருந்ததென்றால், அவர்கள் காடு வெட்டி, நெல் சுமந்து, கிணற்றில் இறைத்து உடம்பால் வேலை செய்தார்கள். அதே கோப்பையை மோட்டார் சைக்கிளில் திரிகிற எங்களுக்குப் போட்டால் சரிவருமா?

உடம்பு மெல்லிசு, எனக்கு வராது என்பவர்களுக்கும் ஒன்று. புனேயைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜோன் யுட்கினும் 2004இல் தங்கள் இரண்டு பேருடைய உடம்பையே எடுத்துக்காட்டாக எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற நிறைக் கணக்கு இருவருக்கும் 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. தென்னாசிய உடம்பு வெளியே மெல்லிசாகக் காட்டிக்கொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்று எங்களுக்குத் தனியாக எல்லை வைத்தார்கள்.

பனங்கூடல் (முள்ளியவளை)

தம்பி, தீட்டிய சிவப்பரிசி என் கணக்கில் சிவப்பரிசியே இல்லை. நான் சொல்வது தவிடு போகாத குத்தரிசி. அளவு கூடாது என்று நீங்கள் சொல்வதும் குத்தரிசிக்குத்தான் இலகு, ஒரு அகப்பையிலேயே வயிறு நிறைந்துவிடும். வெள்ளைச் சோறு எத்தனை அகப்பை போட்டாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். இதைப் பந்தியில் நின்று பரிமாறியவரிடம் கேளுங்கள்.

மல்லாவி அக்கா

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். படித்த ஆட்கள், நல்லாய்த்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தெரிவு செய்து சாப்பிடக் கூடிய வீட்டை மனதில் வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறீர்கள்.

கிளினிக்கில் சோற்றைக் குறை என்கிறார்கள். சோறும் சொதியும் ஒரு சம்பலும் மட்டுமே உள்ள கோப்பையில் சோற்றைக் குறைத்தால் மிச்சம் என்ன? அந்த இடத்தில் வைக்க முட்டை வேண்டும், மீன் வேண்டும், பயறோ பருப்போ வேண்டும். 2022இல் விலை ஏறியபோது முதலில் நின்றது முட்டையும் பால்மாவும். பிள்ளைகளுக்கும் அவருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிற தாய்மார் இங்கே எத்தனை பேர்? குடும்பத்தைத் தனியாகத் தூக்குகிற பெண்கள் எத்தனை பேர்? அந்தத் தாய்க்கு இடுப்புச் சுற்றும் கூடியிருக்கும், இரத்தமும் குறைந்திருக்கும். கூடினதும் குறைந்ததும் ஒரே உடம்பில் இருக்கிறது. உங்கள் விவாதத்தில் அந்த உடம்பை நான் காணவில்லை.

குத்தரிசி என்கிறார் ஐயா. கடையில் அதன் விலையையும் பாருங்கள். நெல்லு விளைகிற வவுனிக்குளத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே மில் அரிசியை வாங்கிச் சாப்பிடுகிறோம்.

இரும்புச்சத்துக்கு முருங்கையிலை சாப்பிடு என்று சொல்லுவார்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியும் குடிப்போம். தேயிலையில் உள்ள துவர்ப்பு அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் நல்லது, சாப்பாட்டோடு ஒரு பாதித் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. இலையில் உள்ள விட்டமின் ஏ சத்து சேர எண்ணெயோ தேங்காய்ப்பாலோ கொஞ்சம் வேண்டும். காசில்லாமல் செய்யக் கூடியது இவ்வளவுதான், இதைக்கூட எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. மிட்வைஃப் பிள்ளைகள் சொல்கிறார்கள், ஆனால் ஒருவருக்கு எத்தனை வீடு.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். 1944, 45 மாரியில் ஜெர்மன்காரர் சாப்பாட்டை மறித்ததில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் சோதித்துப் பார்த்து 1998இல் எழுதினார்கள். குளுக்கோசைத் தாங்குகிற சக்தி அவர்களுக்குக் குறைந்திருந்தது. 2009இல் எங்கள் சனம் எதைக் குடித்து உயிரைப் பிடித்தது என்று ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சி நினைவுபடுத்துகிறோம். அந்த நேரம் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போது குமரும் இளந்தாரியுமாக நிற்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தை யார் பார்க்கிறார்கள்? இலங்கையில் 2005, 2006இல் பெரிய சலரோக ஆய்வு செய்தார்கள். வளர்ந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு சலரோகம் என்று அதில் வந்தது. ஏழு மாகாணத்தில்தான் செய்தார்கள், வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. சண்டை நடந்த காலம். நாட்டின் கணக்கு என்று எல்லோரும் எடுத்துச் சொல்கிற எண்ணில் நாங்கள் இல்லை.

தாதி (வவுனியா)

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தபிறகு கிளினிக்கில் நான் சொல்கிற சொற்களையே திரும்ப யோசித்தேன். ஆனாலும் சோற்றைக் குறைக்கச் சொல்வதை விடமாட்டேன். எதை வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குளத்து மீன் எங்கள் பக்கம் இன்னும் வாங்கக் கூடிய விலையில் இருக்கிறது. கௌபி, பயறு, கடலை அவித்துக் கோப்பையில் கால்வாசி வைக்கலாம். நெத்தலிக் கருவாட்டில் புரதமும் கல்சியமும் பி12உம் இருக்கின்றன, ஆனால் பிரெஷர்காரர் உப்பு இறங்க ஊறவைத்துக் கழுவ வேண்டும், அதுவும் கொஞ்சமாக. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த ஆலோசனை எதுவும் அப்படியே பொருந்தாது, அவர் தன் டொக்டரைக் கேட்க வேண்டும்.

2009 பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் முழு உடன்பாடு. அவர்களுக்கு இடுப்புச் சுற்றும் பிரெஷரும் வெறும் வயிற்றுச் சீனியும் இப்போதே பார்க்க வேண்டும். நெதர்லாந்துப் பிள்ளைகள்போல ஐம்பது வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

குளக்கட்டு (கிளிநொச்சி)

அக்கா சொன்ன உடம்பைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். சத்துக் குறைந்த உடம்பு. சரி, எல்லோருக்கும் என்பதை ஒரு பக்கம் வைப்போம். தாதியிடம் நேராக இரண்டு கேள்வி.

மெட்போமினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட விசயம். பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் இருக்கிறது. சைவக்காரர் வீட்டில் பாலும் நின்றுவிட்டால் எங்கிருந்து வரும்? காலில் விறைப்பும் எரிவும் வந்தால் சலரோகத்தால் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது பி12 குறைந்ததால் வந்த விறைப்பாக இருந்தால்? அதைக் குளிசையோ ஊசியோ கொடுத்து நிறுத்தலாம், விட்டுவிட்டால் நரம்பு திரும்பாது.

இரண்டாவது, போலிக் அசிட். முதுகெலும்பு மூடாத பிள்ளை ஒன்றைப் பெற்ற தாய்மாருக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அசிட் கொடுத்ததில், அடுத்த பிள்ளைக்கு அது வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஒரு விட்டமின் குளிசை செய்த வேலை. விட்டமின் குளிசையால் பயனில்லை என்று இங்கே வாசிக்கிற ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

தாதி (வவுனியா)

இரண்டிலும் உங்களோடு நிற்கிறேன். மெட்போமின் நீண்டகாலம் எடுப்பவருக்குக் கால் விறைப்போ சோகையோ இருந்தால் பி12 பார்க்க வேண்டும், சைவக்காரருக்கு இன்னும் முந்திப் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்குத் தயாராகிற பெண் போலிக் அசிட்டை விடக் கூடாது. ஐக்மனின் கோழியைப் பற்றி நான் சொன்னதும் இதுதான், குறைகிற இடத்தைக் கண்டு கொடுத்தால் வேலை செய்யும். நீங்கள் கேட்ட மல்ரிவிட்டமினுக்கு இந்த இரண்டும் சாட்சி ஆகாது.

கட்டுக்கரை (மன்னார்)

விட்டமினில் எல்லோரும் நின்றுவிட்டீர்கள். ஏற்கெனவே சலரோகம் வந்தவருக்கு ஆராய்ச்சி சொல்கிற பெரிய செய்தி வேறு.

ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் செய்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. சலரோகம் வந்து ஆறு வருடம் தாண்டாத 306 பேர். ஒரு பகுதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் திரவச் சாப்பாடு கொடுத்து, பிறகு மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். ஒரு வருட முடிவில் அந்தப் பகுதியில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சீனி சலரோக எல்லைக்குக் கீழே வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். ஈரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு இறங்கியதும் இன்சுலின் திரும்பவும் வேலை செய்யத் தொடங்குகிறது என்பது இதை நடத்திய ரோய் ரெய்லரின் விளக்கம். இரண்டாம் வருடத்தில் 36 சதவீதமாகக் குறைந்தது உண்மை, நிறை ஏறியவர்களுக்குச் சலரோகமும் திரும்பியது. அப்படியிருந்தும், வந்தால் சாகும்வரை என்று நாங்கள் கேட்டு வளர்ந்த வருத்தத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம். இந்தச் செய்தி வன்னிக் கிளினிக் வரிசையில் நிற்கிற முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

தாதி (வவுனியா)

தம்பி, நல்ல செய்திதான், ஆனால் இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்கே பட்டினி கிடக்க வேண்டாம். இன்சுலினோ, சீனியை இறக்குகிற கிளிக்ளசைட் குளிசையோ எடுப்பவர் சாப்பாட்டைச் சடுதியாகக் குறைத்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார். அந்த ஆய்வில் முதல் நாளே மருந்தை நிறுத்தி, டொக்டரும் தாதியும் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மருந்தை மாற்றுவது டொக்டரோடு பேசித்தான்.

பனங்கூடல் (முள்ளியவளை)

850 கலோரிக்குப் பைக்கற் சாப்பாடு கரைத்துக் குடிக்க வேண்டும் என்றால் அது எங்கள் சனத்துக்கு எட்டாது. எட்டுவது வேறு. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹோல் என்பவர் 20 பேரை மருத்துவ நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையில் செய்த சாப்பாடும் இரண்டு கிழமை வீட்டில் சமைப்பது போன்ற சாப்பாடும் மாறி மாறிக் கொடுத்தார். சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமமாக வைத்து, வேண்டியளவு சாப்பிடச் சொன்னார். ஆலைச் சாப்பாட்டில் நாளுக்கு 500 கலோரி அளவு கூடச் சாப்பிட்டு நிறையும் ஏறினார்கள். பணிஸும் நூடில்ஸும் சோடாவும் பள்ளிக்கூட வாசலில் விற்கிறதை நிறுத்தி, அந்த இடத்தில் அவித்த கௌபியும் எள்ளுப்பாகும் வைத்தால் காசும் ஊருக்குள்ளே நிற்கும். கட்டுக்கரைத் தம்பி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இதைத் தொடங்கலாமே.

கட்டுக்கரை (மன்னார்)

கௌபிக்குச் சரி ஐயா, அதிபரோடு பேசுகிறேன். எள்ளுப்பாகில் பனங்கட்டியோ சக்கரையோ இருக்கிறது, அதுவும் சீனிதான். அது கிழமையில் ஒரு நாளோடு நிற்கட்டும்.

மல்லாவி அக்கா

பள்ளிக்கூட வாசலுக்கு முந்தி கர்ப்பிணித் தாயின் கோப்பையைப் பாருங்கள். அரசாங்கம் கொடுக்கிற திரிபோஷ சத்துமா ஒழுங்காக வருகிற மாதமும் இருக்கிறது, வராத மாதமும் இருக்கிறது. வந்தாலும் அதை வீட்டில் எல்லோரும் பிரித்துத்தான் சாப்பிடுகிறார்கள். வெளிநாட்டு உறவுகளுக்கு நான் சொல்வது இதுதான், போத்தல் வாங்குகிற காசை உங்கள் ஊரில் கர்ப்பமாக இருக்கிற ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டையாக மாற்றிக் கொடுங்கள். நாலு ஊர்க்கோழி வாங்கிக் கொடுத்தால் அடுத்த வருடமும் முட்டை வரும்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

முட்டைக்கு நான் எதிரியில்லை அக்கா, அனுப்பச் சொல்லி என் தம்பியாருக்கும் சொல்கிறேன். ஆனால் டியைப் பற்றி நான் பின்வாங்கவில்லை. முட்டை மஞ்சளில் உள்ள டி அந்தத் தாய்க்குப் போதாது. கிளினிக்கில் டியைச் சோதித்துப் பார்க்க வசதி கிடைக்கட்டும், குறைந்தவருக்குக் கொடுக்கட்டும். சோதிக்காமலே குறைபாடு இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

தாதி (வவுனியா)

சோதிக்கிற காசு வந்தால் நான் முதலில் கேட்பது பி12க்கும் இரும்புக்கும், மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சிக்கும். அதற்குப் பிறகு மிஞ்சினால் டி. இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம் அண்ணை.